கற்றை இழப்பு சிமுலேஷன் விசித்திரமாக வருகிறதா? அறிகுறியிலிருந்து தேடுங்கள்

எல்எச்சி (ஜெனீவா அருகே செர்னில் உள்ள பெரிய ஹாட்ரான் மோதுவி) போன்ற வட்ட மோதுவியில் துகள்கள் வளையத்தின் எந்த இடத்தில் இழக்கப்படும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேட்-எக்ஸ் நிரலில் லேட்டிஸும் (காந்தங்களின் வரிசை) ஆப்டிக்ஸும் (அவை கற்றையைக் குவிக்கும் விதம்) தயாரிப்பது, எக்ஸ்சூட் நிரலிலோ பழைய சிக்ஸ்ட்ராக்கிலோ துகள்களைச் சுற்றவிடுவது (டிராக்கிங்), கோலிமேட்டரில் (விலகிய துகள்களைத் தடுக்கும் தாடைகளில்) சிதறவிடுவது, கடைசியில் 27 கிலோமீட்டர் வளையத்துக்கும் இழப்பு வரைபடம் வரைவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். வரைபடம் வந்துவிட்டது, ஆனால் பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் இந்தக் குறிப்பைத் திறந்தால் போதும்.

விசித்திரமான வரைபடத்துக்குக் காரணம் பெரும்பாலும் அலகு, குறி, இடைவெளி, ஆய அச்சு என்று கணக்குவழக்கு சார்ந்த ஒன்றாகத்தான் இருக்கிறது. சிதறல் மாதிரியில் கோளாறு என்பது மிக அரிது. ஆனால் நம் சந்தேகம் முதலில் போவது சிதறல் மாதிரியின் மேல்தான். அதிலேயே நாட்கள் போய்விடுகின்றன. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் மலிவான சோதனையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், எல்எச்சியின் வடிவமைப்பு அளவில் ஒரு கற்றையில் மட்டும் 362 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. 1.9 கெல்வினில் இருக்கும் மீக்கடத்திக் காந்தச் சுருள் குவென்ச் ஆக (மீக்கடத்தும் தன்மையை இழக்க), ஒரு கன சென்டிமீட்டரில் சில மில்லிஜூல் திடீரென்று படிந்தால் போதும். கோலிமேட்டரை எவ்வளவு இறுக்கலாம், எந்தக் காந்தம் ஆபத்தில் இருக்கிறது என்று முடிவெடுப்பவர்கள் உங்கள் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

துகள் எதையும் ஓட்டாமல் டிவிஸ் (லேட்டிஸிலிருந்து ஆப்டிக்ஸைக் கணக்கிடும் கட்டளை) மட்டும் எடுங்கள். நான்கு எண்களைப் பாருங்கள். சுற்றளவு 26,658.88 மீட்டர் வருகிறதா? ட்யூன், அதாவது ஒரு சுற்றில் துகள் குறுக்காக அலையும் எண்ணிக்கை, நீங்கள் கேட்டதுதானா (மோதல் ஆப்டிக்ஸ் என்றால் 62.31, 60.32)? ஐபி5 (வளையத்தின் எட்டுப் புள்ளிகளில் ஐந்தாவது) என்பது 13,329 மீட்டரிலும் ஐபி7 என்பது 19,994 மீட்டரிலும் இருக்கின்றனவா? மூடிய பாதை (ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்குத் திரும்பும் பாதை) வளைபகுதிகளில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும், மோதல் புள்ளிகளைச் சுற்றி மட்டும் விலகியும் இருக்கிறதா?

இவற்றில் ஒன்று தவறினாலும் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம். லேட்டிஸுக்குத் திரும்புங்கள். கோலிமேட்டர்களைச் செருகுவதற்கு முன்பும் பின்பும் டிவிஸ் எடுத்து ஒப்பிடுவது நல்லது. 60 சென்டிமீட்டர் கோலிமேட்டரைச் செருகும்போது அதே அளவு வெற்றிடத்தைக் குறைக்காமல் விட்டால், சுற்றளவு கூடியிருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஒரு துகள்கூட இழக்கப்படவில்லை

தொடக்கப் பரவல். முழு காஸியன் கற்றையை ஓட்டுகிறீர்களா? ஒரு தளத்தில் 5 சிக்மாவை (சிக்மா என்பது கற்றை அகலத்தின் அலகு) தாண்டிய வீச்சுள்ள துகள்கள் பத்து லட்சத்தில் நான்குதான் இருக்கும். 200 சுற்றில் மற்றவை எதையும் தொடப்போவதில்லை. ஹேலோவை (கற்றையின் வெளி ஓரத்துத் துகள்களை) மட்டும் உருவாக்கி, அதன் வீச்சு முதன்மைக் கோலிமேட்டரின் விளிம்பைக் கொஞ்சமே தாண்டும்படி வையுங்கள். மோதும் ஆழம் மைக்ரோமீட்டர் அளவில் இருந்தால் போதும்.

எமிட்டன்ஸ் (கற்றையின் பரவல் அளவு). அடிக்கடி வருவது இதுதான். கோலிமேட்டர் அமைப்பில் சிக்மா என்பது 3.5 மைக்ரோமீட்டர் இயல்பாக்கப்பட்ட எமிட்டன்ஸை வைத்துக் கணக்கிட்டது. அதை லாரன்ட்ஸ் காரணியால் வகுத்த பிறகுதான் கற்றையின் உண்மை அளவு கிடைக்கும். 6.8 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் (டிஇவி) அந்தக் காரணி ஏறத்தாழ 7,250. வகுக்க மறந்தால் எல்லா இடைவெளிகளும் 85 மடங்கு பெரிதாகிவிடும், கோலிமேட்டரே இல்லாத மாதிரி ஆகிவிடும். சோதனை எளிது: ஐஆர்7இன் (ஐபி7ஐச் சுற்றியுள்ள பகுதியின்) முதன்மைக் கோலிமேட்டர் 5 சிக்மாவில் இருந்தால் அதன் அரை இடைவெளி 1 முதல் 1.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் நிரல் சென்டிமீட்டர் கணக்கில் சொன்னால் காரணம் கிடைத்துவிட்டது.

கோணத்தின் அலகு. பழைய கோலிமேட்டர் கோப்புகளில் செங்குத்துக் கோலிமேட்டரின் கோணம் 1.571 என்று இருக்கும், அது ரேடியன். டிகிரியை எதிர்பார்க்கும் நிரலுக்கு அதை அப்படியே கொடுத்தால் செங்குத்துக் கோலிமேட்டர் கிட்டத்தட்ட கிடையாகப் படுத்துக்கொள்ளும். கிடைமட்ட ஹேலோ சரியாக வேலை செய்து, செங்குத்து ஹேலோ மட்டும் இழக்கப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தால் உடனே இதைப் பாருங்கள்.

கோலிமேட்டர் செயலில் இருக்கிறதா. சில நிரல்களில் சிதறலைத் தனியாக இயக்கிவிட வேண்டும். இயக்காவிட்டால் கோலிமேட்டர் வெறும் வெற்றுக் குழாய்தான். எல்லாக் கோலிமேட்டரையும் பட்டதை முழுக்க விழுங்கும் கருப்பு உறிஞ்சியாக மாற்றி நூறு துகள்களை ஓட்டுங்கள். முதன்மைக் கோலிமேட்டரிலேயே எல்லாம் நின்றால் இடைவெளியும் பரவலும் சரி, சிதறல் பகுதியைப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் மேலே உள்ள மூன்றில் ஒன்று.

இந்த அறிகுறிக்கு யாரையும் அழைக்கத் தேவையில்லை. நீங்களே தீர்க்கலாம்.

## அறிகுறி: எல்லாத் துகளும் உடனே செத்துவிடுகின்றன

முதலில் எங்கே சாகின்றன என்று பாருங்கள். நேரடி ஹேலோவில் பெரும்பாலான துகள்கள் சில சுற்றுகளிலிருந்து ஓரிரு நூறு சுற்றுகளுக்குள் கோலிமேட்டரில் முடிவது இயல்பு, அதற்காகத்தான் அவற்றை உருவாக்குகிறோம். சாவு கோலிமேட்டரில் என்றால் கவலையில்லை. வளைபகுதிக் குழாய்ச் சுவரில் என்றால் கீழே படியுங்கள்.

### முதல் சுற்றிலேயே, குழாய்ச் சுவரில்

அலகு. சிக்ஸ்ட்ராக்கில் மில்லிமீட்டர், மில்லிரேடியன். எக்ஸ்சூட்டில் மீட்டர். ஃப்ளூக்காவில் (பொருளுக்குள் துகள் சிதறலைக் கணக்கிடும் நிரல்) சென்டிமீட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் துகள் கோப்பை மாற்றும் இடத்தில் நூறோ ஆயிரமோ தவறும். முதல் பத்துத் துகள்களின் ஆயத்தொலைவை அச்சிட்டுக் கண்ணால் பார்த்தாலே போதும்.

தவறான இடத்து ஆப்டிக்ஸ். ஐபி1இன் பீட்டாவை (ஓர் இடத்தில் கற்றையின் அகலத்தைத் தீர்மானிக்கும் எண்) வைத்துப் பரவலை உருவாக்கி, முதன்மைக் கோலிமேட்டரிலிருந்து ஓடவிட்டால் எதுவும் பொருந்தாது. பரவல் உருவான இடமும் டிராக்கிங் தொடங்கும் இடமும் ஒன்றுதானா என்று பெயரை வைத்துச் சரிபாருங்கள், எண்ணை வைத்து வேண்டாம். லேட்டிஸில் ஒன்றைச் செருகினால் எண்கள் நகர்ந்துவிடும்.

மூடிய பாதையைச் சேர்க்க மறந்தது. குறுக்குக் கோணம் இயங்கும்போது ஐபி1, ஐபி5 பக்கத்து மும்மைக் காந்தங்களில் கற்றை மையத்திலிருந்து பல மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. பரவலைப் பூஜ்யத்தைச் சுற்றி அமைத்தால் அது முழுவதும் ஒரு பெரிய பீட்டாட்ரான் அலைவாகத் தொடங்கும்.

அபர்ச்சர் (குழாயின் திறப்பு) அளவு. எல்எச்சி வளைபகுதியில் கற்றைத் திரையின் உள்ளளவு ஏறத்தாழ 46 × 37 மில்லிமீட்டர். நிரல் கேட்பது அரை அகலமா முழு அகலமா என்று பாருங்கள். இரண்டு மடங்குத் தவறு இங்கே சுலபமாக நுழைந்துவிடும்.

### பல நூறு சுற்றுக்குப் பிறகு மெல்ல மெல்ல

ட்யூன் ஓர் ஒத்ததிர்வின் மேல் உட்கார்ந்திருக்கலாம், எண்முனைக் காந்தங்களின் மின்னோட்டம் குறி மாறியிருக்கலாம், குரோமேட்டிசிட்டி (உந்தத்தோடு ட்யூன் மாறும் அளவு) திருத்தப்படாமல் இருக்கலாம். கோலிமேட்டர்களை முழுக்கத் திறந்து, 1 சிக்மாவிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு துகள் ஓட்டிப் பாருங்கள். சிறிய வீச்சிலேயே துகள் நிலைக்கவில்லை என்றால் பிரச்சினை இழப்புக் கணக்கில் இல்லை, ஆப்டிக்ஸில். அந்த வரைபடத்தோடு ஆப்டிக்ஸ் குழுவிடம் போங்கள். நீங்களே காந்த வலிமைகளைத் திருத்தத் தொடங்க வேண்டாம். அந்தக் கோப்புகள் பலர் சேர்ந்து பயன்படுத்துபவை. நீங்கள் ஒட்டுப்போட்ட ஒரு பிரதி எங்கேயோ போய் வேறொருவரின் முடிவைக் கெடுக்கும்.

## அறிகுறி: முதன்மைக் கோலிமேட்டரைவிட வேறொன்றில் இழப்பு அதிகம்

எல்எச்சியின் வரிசை உங்களுக்குத் தெரிந்ததே: ஐஆர்7இல் முதன்மைக் கோலிமேட்டர் 5 சிக்மா, இரண்டாம் நிலை 6.5, உறிஞ்சிகள் 10. ஐஆர்3இல் முறையே 15, 18, 20. இவை மூன்றாம் ஓட்டக் காலத்தின் உச்ச ஆற்றல் எண்கள். இந்த வரிசை எங்கோ உடைந்திருக்கிறது என்பதுதான் அறிகுறியின் பொருள்.

முதலில், எல்லாக் கோலிமேட்டரின் இடைவெளியையும் சிக்மாவில் ஓர் அட்டவணையாக அச்சிடுங்கள். அமைப்புக் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். நிரல் உண்மையில் பயன்படுத்தும் மில்லிமீட்டர் மதிப்பை அந்த இடத்துப் பீட்டாவால் திருப்பிக் கணக்கிடுங்கள். ஒரு ஆப்டிக்ஸில் கணக்கிட்ட மில்லிமீட்டர் இடைவெளிகளை இன்னொரு ஆப்டிக்ஸில் பயன்படுத்தினால் இங்கே பளிச்சென்று தெரியும்.

அடுத்து, தாடைகளின் மையம். தாடைகள் மூடிய பாதையைச் சுற்றி அமைய வேண்டும், குழாயின் மையத்தைச் சுற்றி அல்ல. சமச்சீரான ஹேலோவை ஓட்டும்போது இடத் தாடையிலும் வலத் தாடையிலும் மோதல்கள் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மோதினால் மையம் தவறு.

மூன்றாவது, ஹேலோவின் தளம். கிடைமட்ட ஹேலோ என்று நினைத்துச் செங்குத்தை ஓட்டினாலும், உங்கள் கண் பழகிய முதன்மைக் கோலிமேட்டர் காலியாகத்தான் இருக்கும். முதல் கற்றையில், பெயரின் நடுவில் டி எழுத்து உள்ளது செங்குத்து, சி உள்ளது கிடைமட்டம், பி உள்ளது சாய்வு.

இவையெல்லாம் சரி, ஆனாலும் இரண்டாம் நிலைதான் உச்சம் என்றால், நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். முதன்மையைத் தொட்ட புரோட்டான் பெரும்பாலும் சிதறித் தப்பித்து, இரண்டாம் நிலையில் உறிஞ்சப்படலாம். 'தொட்டது' வேறு, 'உறிஞ்சப்பட்டது' வேறு. இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள்.

## அறிகுறி: குளிர்ப் பகுதியில் ஊசி மாதிரி ஒற்றை இழப்பு

வழக்கமான வரைபடத்தில் கோலிமேட்டர் கருப்பு, சாதாரண வெப்பநிலைப் பகுதி சிவப்பு, குளிர்க் காந்தம் நீலம். எங்கும் இல்லாத இடத்தில் ஒரு நீல ஊசி நிமிர்ந்து நின்றால் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். அதனால் இந்த அறிகுறிக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்கலாம்.

### ஊசிகள் சீரான இடைவெளியில், சீப்புப் பல் மாதிரி

வளைபகுதி முழுக்க ஒவ்வொரு காந்தத்தின் முடிவிலும் ஓர் ஊசி, நடுவில் ஒன்றும் இல்லை. இருமுனைக் காந்தத்தின் நீளம் 14.3 மீட்டர். அபர்ச்சர் சோதனை அதன் முடிவில் மட்டும் நடந்தால், நடுவில் சுவரைத் தொட்ட துகள்களும் அங்கேதான் பதிவாகும். எக்ஸ்சூட்டில் இழப்பு இடத்தை நுணுக்கிக் காணும் வசதி இருக்கிறது. 10 சென்டிமீட்டர் படியில் ஓடவிடுங்கள். சீப்பு மறைந்து பரவலான கொத்துகள் வந்தால் முடிந்தது.

### ஒரே ஓர் ஊசி, ஓர் இடத்தில் மட்டும்

எத்தனை துகள்? எதையும் தேடுவதற்கு முன் அந்த ஊசிக்குள் எத்தனை துகள் என்று எண்ணுங்கள். பத்து லட்சம் துகள்களை ஓட்டியிருந்தால், 10 சென்டிமீட்டர் கட்டத்தில் விழுந்த ஒரே ஒரு துகள் மீட்டருக்கு 10⁻⁵ என்ற உயரத்தில் நிற்கும். மடக்கை அச்சில் அது பயங்கரமாகத் தெரியும். ஒன்றோ இரண்டோ என்றால் அது ஊசியே இல்லை. ஓட்டத்தை அதிகமாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அபர்ச்சர் தாவல். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஐம்பது மீட்டருக்கு அபர்ச்சரை வரையுங்கள். ஓரிடத்தில் மட்டும் குழாய் திடீரென்று சுருங்கினால், அந்த உறுப்பின் அபர்ச்சர் வகை தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம். செவ்வகமும் நீள்வட்டமும் கலந்த வகையில் நான்கு எண்கள் வரும், அவற்றின் வரிசை மாறினால் தட்டையான ஒரு குழாய் உருவாகிவிடும். முன் உறுப்பின் அபர்ச்சர் பக்கத்து வெற்றிடத்துக்கும் கடத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தள்ளி நிற்கும் குழாய். மோதல் புள்ளிகளுக்கு இருபுறமும், இரண்டு கற்றைகளையும் பிரிக்கும், சேர்க்கும் இருமுனைக் காந்தங்களின் பக்கத்தில் கற்றையின் குறிப்புப் பாதையும் குழாயின் மையமும் ஒன்றல்ல. அங்கே அபர்ச்சருக்கு ஒரு கிடைமட்ட விலகல் கொடுக்க வேண்டும். அந்த விலகல் விடுபட்டாலோ குறி மாறினாலோ ஐபி1, 2, 5, 8 அருகே பொய்யான இழப்புகள் வரும். விலகலைச் சேர்த்து மூடிய பாதையையும் 10 சிக்மா உறையையும் அபர்ச்சர் மேலேயே வரைந்து பாருங்கள். உறை சுவரை வெட்டினால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

உண்மையான நெருக்கடி. இத்தனையும் தாண்டி, நிறையத் துகள்களோடு, பல சீடுகளிலும் (ரேண்டம் எண் வரிசையின் தொடக்க எண்களிலும்) அந்த ஊசி நின்றால் அது உண்மையாக இருக்கலாம். இப்போது இயந்திர அமைப்புத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களிடம் கேளுங்கள். அந்தக் குறிப்பிட்ட உறுப்பின் வரைபட அளவும் நில அளவைக் குழுவின் சீரமைப்பு எண்ணும் அவர்களிடம்தான் இருக்கும். நீங்கள் ஊகித்து அபர்ச்சரைப் பெரிதாக்கினால் ஊசி மறைந்துவிடும், ஆனால் சுரங்கத்தில் அந்தக் குழாய் அதே அளவில்தான் இருக்கும்.

## அறிகுறி: ஐஆர்7க்குப் பிறகு வர வேண்டிய கொத்துகள் இல்லை

முதல் கற்றையில் ஐபி7ஐத் தாண்டி ஏறத்தாழ 20,300 முதல் 20,450 மீட்டர் வரை இரண்டு நீலக் கொத்துகள் கட்டாயம் வர வேண்டும். முதன்மைக் கோலிமேட்டரில் கோணம் அதிகம் மாறாமல் ஆற்றலை மட்டும் இழந்த புரோட்டான்கள், இரண்டாம் நிலைக் கோலிமேட்டர்களுக்கு இடையே நழுவி, முதல் தடவையாக டிஸ்பர்ஷன் (உந்தம் மாறினால் பாதை விலகும் அளவு) ஏறும் இடத்தில் சுவரில் மோதுகின்றன. ஒற்றை டிஃப்ராக்டிவ் மோதல்கள் என்று சொல்லப்படுபவை இதற்கு முக்கியக் காரணம். எல்எச்சியின் துப்புரவில் (ஹேலோவைக் கோலிமேட்டர்களால் அகற்றுவதில்) மிகப் பலவீனமான இடம் இதுதான், அதனால் இது இல்லாத வரைபடத்தை யாருக்கும் காட்டாதீர்கள்.

காணவில்லை என்றால் முதலில் கருப்பு உறிஞ்சி இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். சோதனைக்குப் போட்டு எடுக்க மறப்பது சகஜம். அடுத்து, சிதறலுக்குப் பின் துகளின் ஆற்றல் மாற்றம் டிராக்கிங்குக்குத் திரும்பி வருகிறதா என்று ஒரு துகளை வைத்துச் சோதியுங்கள். கோணம் மட்டும் திரும்பி, ஆற்றல் பழையபடியே இருந்தால் கொத்துகள் வரவே வராது.

மாறாகக் கொத்துகள் மிக அதிகம் என்றால், கோலிமேட்டரின் பொருளும் நீளமும். முதன்மைக் கோலிமேட்டர் 60 சென்டிமீட்டர், இரண்டாம் நிலை 1 மீட்டர். உறிஞ்சிகள் டங்ஸ்டன். உறிஞ்சிகளுக்குத் தவறுதலாகக் கார்பன் என்று கொடுத்தால் கசிவு பல மடங்காகும். அப்புறம் அவை திறந்தே கிடக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டு மடங்கு வேறுபாடு மட்டும் என்றால் வேறொரு சிதறல் நிரலோடு ஒப்பிடும் நேரம் வந்துவிட்டது. எக்ஸ்கோலில் (எக்ஸ்சூட்டின் கோலிமேட்டர் பகுதி) உள்ள எவரெஸ்ட் சிதறல் நிரலையும் ஃப்ளூக்கா இணைப்பையும் ஒரே தொடக்கத் துகள்களோடு ஓட்டுங்கள். இரண்டும் தங்களுக்குள் பெரிதாக முரண்பட்டால், அந்த நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒரே கோலிமேட்டர், ஒரே துகள் என்ற அளவுக்குச் சுருக்கிய உதாரணத்தை அனுப்புங்கள். முழு வளையத்தையும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது.

## அறிகுறி: இரண்டாம் கற்றையின் வரைபடம் தலைகீழாக இருக்கிறது

இரண்டாம் கற்றை எதிர்த்திசையில் ஓடுவதால், முதல் கற்றையின் அச்சில் வரையும்போது ஐஆர்7 கொத்துகள் ஐபி7க்கு இடப்பக்கம், அதாவது 19,994க்குக் குறைவான இடத்தில் வர வேண்டும். வலப்பக்கம் வந்தால் மாற்றம் விடுபட்டுள்ளது.

டிராக்கிங்குக்கு வழக்கமாக 'நான்காம் கற்றை' என்ற கோப்பைப் பயன்படுத்துகிறோம். இது இரண்டாம் கற்றையேதான், ஆனால் கற்றை போகும் திசையிலேயே நீளம் கூடும்படி எழுதப்பட்டது. அதில் கிடைத்த இடத்தைச் சுற்றளவிலிருந்து கழித்தால்தான் வரைபட அச்சுக்கு வரும், கிடைமட்டத்தின் குறியும் மாறும். இரண்டு தடவை கழித்துவிடுவதும் நடக்கிறது. நிரல் ஒரு தடவை, வரையும் கோப்பு ஒரு தடவை. இடத் தாடை, வலத் தாடை இரண்டும் மாறிப்போவதும் இதே குடும்பத்துப் பிழை. ஒரு தாடையை மட்டும் இறுக்கி ஓட்டினால் தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு விடை

கட்டத்தில் நூறு துகள் இருந்தால் பத்து சதவீதப் பிழை. பத்து இருந்தால் முப்பது சதவீதத்துக்கு மேல். இந்த எல்லைக்குள் ஆடினால் அது ஆட்டமே இல்லை. பிழைக் கோட்டை வரைபடத்தில் போட்டுவிடுங்கள், கேள்விகள் பாதியாகக் குறையும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இதற்கு எதிரான அறிகுறி: விடை ஆடவே ஆடவில்லை. நூறு வேலைகளாகப் பிரித்து அனுப்பியிருக்கிறீர்கள், கூட்டிய பிறகு எல்லாக் கட்டங்களிலும் எண்ணிக்கை நூறின் மடங்காகவே இருக்கிறது. எல்லா வேலைகளும் ஒரே ரேண்டம் சீடில் ஓடி, ஒரே விடையை நூறு தடவை தந்திருக்கின்றன. வரைபடம் வழுவழுப்பாக, நம்பத்தக்கதாகத் தெரியும். உள்ளே இருப்பது நூறில் ஒரு பங்குத் தகவல்தான். தொடக்கப் பரவலின் சீடும் சிதறலின் சீடும் வேறு வேறு, இரண்டையும் ஒவ்வொரு வேலைக்கும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வகுக்கும் எண். ஓட்டிய மொத்தத் துகளால் வகுத்தீர்களா, இழக்கப்பட்டவற்றால் வகுத்தீர்களா? சில வேலைகள் பாதியில் நின்றுபோயிருந்தால் முதல் வழி தவறான விடை தரும். கோலிமேட்டர் பட்டையை அதன் நீளத்தாலும் வகுத்தீர்களா என்று பாருங்கள்.

புள்ளியியல் மட்டுமே குறை என்றால் தீர்வு கணினி நேரம்தான். சிக்ஸ்ட்ராக் 2004 முதல் எல்எச்சி அட் ஹோம் திட்டத்தின் வழியே தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஓடியிருக்கிறது. இந்தக் கணக்கின் பசி அவ்வளவு பெரியது.

## அறிகுறி: உந்த விலகல் ஓட்டத்தில் ஐஆர்3க்குப் பதில் ஐஆர்7 எரிகிறது

ஆர்எஃப் (துகள்களை முடுக்கும் ரேடியோ அலை) அதிர்வெண்ணை நகர்த்திச் செய்யும் ஓட்டம் இது; உந்தம் விலகிய துகள்களை ஐஆர்3தான் பிடிக்க வேண்டும். அதிர்வெண் கூடினால் உந்தம் குறைய வேண்டும், ஏனென்றால் எல்எச்சி எப்போதும் மாறுநிலை ஆற்றலுக்கு மேல்தான் இயங்குகிறது. 100 ஹெர்ட்ஸ் கூட்டினால் உந்தம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஏழு பங்கு குறையும். இந்த ஓர் எண்ணைச் சரிபார்த்தால் குறிப் பிழை போய்விடும்.

அடுத்தது வேகம். 7 டிஇவியில் ஒரு சிங்க்ரோட்ரான் அலைவுக்கு ஏறத்தாழ 500 சுற்று ஆகிறது. 200 சுற்றில் அதிர்வெண்ணை வேகமாக நகர்த்தினால் துகள்கள் பின்தொடரவே முடியாது, பக்கெட்டை (ஆர்எஃப் துகள்களைப் பிடித்துவைக்கும் பகுதியை) விட்டு நழுவிவிடும். நீளவாக்கு ஆயத்தை வரையுங்கள். பத்து இருபது சென்டிமீட்டரில் அடங்காமல் பக்கத்துப் பக்கெட்டுகளுக்குப் பரவினால் வேகத்தைக் குறையுங்கள். நகர்த்தாமலே அப்படிப் பரவினால் கேவிட்டியின் (ஆர்எஃப் முடுக்கியின்) கட்டம் (ஃபேஸ்) தவறு: மேட்-எக்ஸில் 0.5 என்பது எக்ஸ்சூட்டில் 180 டிகிரி.

## ஈய அயனி, படிகம்

ஈய அயனி ஓட்டத்தில் துப்புரவு புரோட்டானைவிட நூறு மடங்கு அளவுக்கு மோசமாக வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கோலிமேட்டரில் உடைந்த கருத்துண்டுகள் வேறு மின்னூட்ட–நிறை விகிதத்தோடு வெளியே வருகின்றன. புரோட்டானைப் போலவே வந்தால்தான் கவலை: துண்டுகள் டிராக்கிங்குக்குத் திரும்பவில்லை. இதற்கு ஃப்ளூக்கா இணைப்பு வேண்டும், புரோட்டானுக்கான எளிய சிதறல் போதாது.

2023இன் ஈய ஓட்டத்தில் பயன்பட்ட வளைந்த சிலிக்கான் படிகத்தைச் சேர்த்தும் கசிவு குறையவில்லையா? அப்படியானால் படிகத்தின் கோணம். உச்ச ஆற்றலில் படிகம் துகளை ஏற்று வழிநடத்தும் கோணம் இரண்டு மூன்று மைக்ரோரேடியன்தான். கற்றையின் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் படிகத்தை நேராக வைத்தால் அது வெறும் சிலிக்கான் துண்டாகத்தான் நடந்துகொள்ளும். கோணத்தைச் சிறு படிகளாக மாற்றி ஓட்டினால் இழப்பு சட்டென்று விழும் ஓர் இடம் தெரிய வேண்டும்.

## எலக்ட்ரான் வளையம் என்றால்

எஃப்சிசி-இஇ (செர்ன் திட்டமிடும் எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவி) போன்ற வளையத்தில் எல்லாத் துகளும் வளைபகுதியிலேயே செத்தால் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சைப் பாருங்கள். எல்இபியின் (எல்எச்சிக்கு முன் அதே சுரங்கத்தில் ஓடிய எலக்ட்ரான் வளையத்தின்) கடைசிக் காலத்தில் ஒரு சுற்றுக்கே ஆற்றலில் மூன்று சதவீதம் அளவுக்குப் போனது. கதிர்வீச்சை இயக்கிவிட்டு, காந்த வலிமையை அந்தந்த இடத்து ஆற்றலுக்கு ஏற்பச் சரிசெய்யாமல் விட்டால் பாதை கோணலாகிவிடும். கேவிட்டியின் கட்டமும் இழந்ததை ஈடுகட்ட வேண்டும். கதிர்வீச்சை அணைத்து ஒரு தடவை, இயக்கி ஒரு தடவை ஓட்டினால் எது காரணம் என்று தெரியும்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் அளவீட்டோடு பொருந்தவில்லை

வளையத்தைச் சுற்றி 3,600க்கும் மேற்பட்ட அயனிக் கலங்கள் இழப்பைக் கண்காணிக்கின்றன. அவை இழந்த புரோட்டானை எண்ணுவதில்லை, அந்தப் புரோட்டான் கிளப்பிய துகள் மழையை அளக்கின்றன. உங்கள் வரைபடம் புரோட்டானை மட்டும் எண்ணுகிறது. அதனால் முதன்மைக் கோலிமேட்டருக்குப் பின்னால் உள்ள கோலிமேட்டர்களிலும் வெப்பப் பகுதிகளிலும் அளவீடு உங்கள் கணக்கைவிட நிறையக் காட்டும். முன்னால் கிளம்பிய மழை அங்கே வந்து விழுகிறது. இது பிழையல்ல. பட்டைக்குப் பட்டை உயரம் பொருந்த வேண்டும் என்று உங்கள் நிரலைத் திருத்தாதீர்கள்.

ஒப்பிடத் தக்கவை வேறு. கொத்துகள் ஒரே இடங்களில் வருகின்றனவா? ஐஆர்7க்குப் பிந்தைய கொத்துதான் குளிர்ப் பகுதியில் மிக உயரமா? அளவீட்டின்போது கற்றையை எந்தத் தளத்தில் கிளறினார்கள், உங்கள் ஹேலோவும் அதே தளமா? அன்றைய இடைவெளிகளும் உங்களுடையவையும் ஒன்றா? ஒன்றில் இல்லை என்று வந்தாலும் மேலே உள்ள அறிகுறிகளுக்குத் திரும்புங்கள்.

இவை பொருந்தியும் கணக்கு அளவீட்டைவிடக் குறைவாகக் கசிகிறது என்றால், உங்கள் இயந்திரம் அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருக்கிறது. தாடைச் சாய்வு, மையப் பிழை, இடைவெளிப் பிழை, தாடை மேற்பரப்பின் வளைவு, குழாயின் சீரமைப்பு விலகல் எல்லாவற்றையும் பல சீடுகளில் சேர்த்து ஓட்டுங்கள். கசிவு கூடும்.

உயரமே தேவை என்றால், அதாவது 'இந்தக் காந்தம் குவென்ச் ஆகுமா?' என்று யாராவது கேட்டால், இழப்பு வரைபடத்தை வைத்துப் பதில் சொல்ல முயலாதீர்கள். இழப்பு இடங்களின் துகள் பட்டியலை ஆற்றல் படிவுக் குழுவிடம் கொடுங்கள். இடம், கோணம், ஆற்றல் மூன்றும் அதில் இருக்கட்டும், எந்த ஆயமுறை, எந்த அலகு என்பதைக் கோப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் ஃப்ளூக்காவில் சுருளுக்குள் படியும் ஆற்றலைக் கணக்கிடுவார்கள். அதை எந்த இழப்பு வீதத்தால் பெருக்குவது என்பதை இயந்திரப் பாதுகாப்புக் குழுவோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எல்எச்சி வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட மோசமான நிலை, கற்றை ஆயுள் 0.2 மணிக்குக் குறைந்து 10 விநாடி நீடிப்பது. முழுக் கற்றையில் அது ஏறத்தாழ 500 கிலோவாட். அந்தப் பெருக்கலை நீங்கள் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டாம்.